தொழில்களின் வாயிலும் திறமை என்னும் வாதமும்

இலங்கையின் உயர்தொழில்களுட் புகுவதற்கு உரிமை கோரிய ஒவ்வொரு கூட்டத்தினரும் திறமையின் பெயராலேயே அவ்வுரிமையைக் கோரினர். உட்புகுந்த பின்னர், தமக்குப் பின்னே நின்றோருக்கு அதே உரிமையை மறுத்தபோதும் திறமையின் பெயராலேயே மறுத்தனர். கடந்த நூற்றைம்பது ஆண்டுக்கால உத்தியோக வரலாற்றை இனம், பால் ஆகிய இரண்டினையும் ஒருங்கே வைத்து நோக்குவோர்க்கு இவ்வுண்மை புலனாகாது போகாது. எனினும் இவ்வரலாற்றைப் பேசுவோருட் பலர் அதனை ஒரு சீரான வளர்ச்சியாகவே காட்ட முற்படுகின்றனர். முதலில் வெள்ளையர், அடுத்துச் சுதேச ஆடவர், அதன்பின் பெண்கள் என்று, காலம் தானே கனிந்து கதவுகளை ஒவ்வொன்றாகத் திறந்துவிட்டது போன்றதொரு தோற்றம் இதனால் ஏற்படுகின்றது. எஞ்சிய கதவுகளும் அவ்வாறே திறக்குமாம், பொறுத்திருத்தலே வேண்டுவதாம். இது வரலாறன்று. வாயிலுக்கு உள்ளே இருப்போர் வெளியே நிற்போருக்குச் சொல்லும் தவணையே ஆகும்.

சிவில் சேவையை முதலில் நோக்கலாம். அரசாங்க உத்தியோகங்கள் சுதேசிகளுக்கும் திறக்கப்படல் வேண்டுமெனக் கோல்புறூக் விசாரணைக்குழு விதந்துரைக்க, 1833இல் சீர்திருத்தங்கள் நடைமுறைக்கு வந்தன. சிவில் சேவைப் போட்டிப் பரீட்சையிற் சித்தியெய்தி உட்புகுந்த முதல் இலங்கையரான பொன்னம்பலம் அருணாசலம் அச்சேவையிற் சேர்ந்த ஆண்டோ 1875. இடையிற் கழிந்தவை 42 ஆண்டுகள். இந்த நாற்பத்திரண்டு ஆண்டுகளிலும் நாட்டில் அறிவுடையோர் பிறக்கவில்லை என்று எவரும் வாதிடமாட்டார். பரீட்சை எல்லோர்க்கும் பொதுவானதே. ஆயினும் அதற்கு ஆயத்தஞ் செய்யும் கல்வி எல்லோர்க்கும் பொதுவானதன்று. கேம்பிறிட்ஜிற் கற்று வந்த ஒருவருக்கே அக்கதவு முதன்முதல் திறந்தது. அருணாசலம் தம் பிற்காலத்திலே, தோட்டத் தொழிலாளரைச் சிறைத்தண்டனைக்குட்படுத்திய சட்டங்களை ஒழிப்பதற்குப் பாடுபட்டார் என்பதையும் ஈண்டுக் குறிப்பிடல் தகும். தாம் ஏறிய ஏணியைத் திரும்பிப் பார்த்தவர் அவர். அவருடைய வர்க்கத்தைச் சேர்ந்த மற்றையோரைப் பற்றி இவ்வாறு கூற இயலாது.

1919இல் தோன்றிய இலங்கைத் தேசிய காங்கிரஸ் உயர் உத்தியோகங்களை இலங்கையர் வசமாக்க வேண்டுமென இடையறாது கோரி நின்றது. நிறத்தைக் கொண்டு திறமையை அளத்தல் அநீதி என்பது அதன் வாதம். அவ்வாதம் முற்றிலும் நியாயமானதே. ஆனால் 1927இல் டொனமூர் ஆணைக்குழு வந்திறங்கி, வாக்குரிமையை யாருக்கு வழங்கலாம் என வினவியபோது நிகழ்ந்தது யாது? அன்று வாக்குரிமை பெற்றிருந்தோர் சனத்தொகையில் நூற்றுக்கு நால்வர் அளவினரே. சர்வசன வாக்குரிமையை ஏ. ஈ. குணசிங்காவின் தொழிற்சங்கத்தினர் வேண்டினர். காங்கிரஸ் தலைவர்களுட் பெரும்பாலோர் விரும்பினரல்லர். சுன்னாகத்திற் பெண்களுக்கென 1913இல் கல்லூரி நிறுவிய சேர் பொன்னம்பலம் இராமநாதனும் பெண்களுக்கு வாக்குரிமை வழங்கப்படுவதை எதிர்த்தார். பெண்கள் கற்கலாம், கற்றதைக் கொண்டு ஆளலாகாது என்பதே அந்நிலைப்பாட்டின் உட்பொருள்.

ஆணைக்குழுவின் முன் நிகழ்ந்த உரையாடலொன்று பெரிதும் கவனித்தற்குரியது. பெண்கள் வாக்குரிமைச் சங்கத்தின் சார்பிற் சாட்சியமளிக்கச் சென்ற அக்னஸ் டி சில்வாவிடம், தோட்டங்களில் வேலை செய்யும் இந்தியத் தமிழ்ப் பெண்களுக்கும் வாக்குரிமை வேண்டுமென்பதா அவர்தம் கோரிக்கை என வினவப்பட்டது. அவர்களும் பெண்களே என்றும், எல்லாப் பெண்களுக்கும் வாக்கு வேண்டுமென்றும் அவர் தயக்கமின்றி விடையளித்தார். இலங்கையின் உரிமைப் போராட்ட வரலாற்றில், உள்ளே புக நின்ற ஒருவர் தமக்குப் பின்னே மிகத் தொலைவில் நின்றோருக்கும் சேர்த்துக் கதவைத் திறக்கச் சொன்ன நிகழ்ச்சிகள் அரியன. இஃது அவற்றுளொன்று. 1931இல் சர்வசன வாக்குரிமை வந்தது. பதினேழு ஆண்டுகள் கழித்து, 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டமும் அதனையடுத்து வந்த தேர்தற் சட்டத் திருத்தமும் அதே தோட்டப் பெண்களிடமிருந்தும் அவர்தம் ஆடவரிடமிருந்தும் அவ்வாக்கைப் பறித்துக்கொண்டன. காலம் கதவைத் திறக்கும் என்போர் இதற்கு என்ன விடை கூறுவர்? திறந்த கதவும் மூடப்படும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

மருத்துவத் துறையின் வரலாறு இன்னொரு பாடத்தைக் கற்பிக்கின்றது. மானிப்பாயில் மருத்துவர் சாமுவேல் கிறீன் 1848இல் மருத்துவக் கல்வியைத் தொடங்கி, பின்னர் தமிழிலேயே அதனைப் புகட்டினார். தமிழ் மாணவருக்கு மேலை மருத்துவம் விளங்காது என்ற எண்ணத்தை அவர்தம் மாணாக்கர் பொய்யாக்கினர். ஆயினும் அவ்வகுப்புகளில் இருந்தோர் யாவரும் ஆடவரே. கொழும்பு மருத்துவக் கல்லூரி 1870இல் ஆரம்பிக்கப்பட்டு, 22 ஆண்டுகள் கழித்து, 1892இலேயே பெண்களைச் சேர்த்துக்கொண்டது. இந்நாட்டின் முதற் பெண் மருத்துவராகப் போற்றப்படும் அலிஸ் டி போயர் பறங்கிச் சமூகத்தைச் சேர்ந்தவர். பெண்களுக்குக் கதவு திறந்தமைக்குக் காரணம் அவர்தம் உரிமை ஏற்கப்பட்டமை மாத்திரமன்று. ஆண் மருத்துவரிடம் செல்ல மறுத்த பெண் நோயாளருக்கு மருத்துவம் செய்ய ஆள் தேவைப்பட்டது. இணுவிலில் 1898இல் பெண்களுக்கும் குழந்தைகளுக்குமென எழுந்த மக்லியொட் மருத்துவமனையும் இத்தேவையின் விளைவே. தேவைக்காகத் திறக்கப்படும் கதவு, அத்தேவையின் அளவுக்கே திறந்து நிற்கும். பெண் மருத்துவர் பெண்களின் வாட்டுக்கும் பிள்ளைப்பேற்று மனைக்கும் உரியவர் என்ற எண்ணம் நெடுங்காலம் நீங்காதிருந்தமை இதனாலேயே.

இனமும் பாலும் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதை மேரி இரத்தினத்தின் வாழ்க்கையிற் காணலாம். கனடாவிற் பிறந்து மருத்துவப் பட்டம் பெற்று 1896இல் மிஷன் பணிக்காக இலங்கை வந்தவர் அவர். தமிழர் ஒருவரை அவர் வாழ்க்கைத் துணையாகக் கொண்டதை மிஷனார் விரும்பவில்லை. அப்பணி அவருக்கு நிலைக்கவில்லை. வெள்ளை நிறம் அவருக்கு அளித்த வாயிலைத் தமிழ்க் கணவர் மூடிவிட்டார் எனலாம். (அதே மிஷன்களிற் பணியாற்றிய ஆடவரின் மருத்துவத் திறமையை அவர்தம் மனைவியரின் குலத்தைக் கொண்டு யார் அளந்தார்?) பின்னர் கொழும்பிலே மருத்துவராகவும் பெண்கள் இயக்கத்தின் முன்னோடியாகவும் அவர் ஆற்றிய பணிகளுக்காக 1958இல் மக்சேசே விருது அவருக்கு வழங்கப்பட்டது.

சட்டத்துறை பற்றி விரிக்கவேண்டியதில்லை. கொழும்பிற் பிறந்த பார்சிப் பெண்மணியான அவாபாய் மேத்தா, 1934இல் பிரித்தானிய பாரிஸ்டர் பரீட்சையிற் சித்தியெய்தி, அச்சித்தியைப் பெற்ற முதல் இலங்கைப் பெண்ணானார். ஒரு பெண் இந்நாட்டின் பிரதம நீதியரசர் ஆசனத்தில் அமர்ந்தது 2011இல். இடையில் 77 ஆண்டுகள். இரு ஆண்டுகளின் பின், 2013இல், அவர் பதவியினின்றும் நீக்கப்பட்டார். பொறியியலிலும் 1960களிலேயே, பிறேமளா சிவப்பிரகாசபிள்ளை என்ற தமிழ்ப் பெண்மணி முதற் பெண் பொறியியலாளராக வெளிவரக் கூடியதாயிருந்தது.

திறமை என்னும் சொல் தமிழரிடையே மிக உரத்து ஒலித்தது 1970களில். பல்கலைக்கழக அனுமதிக்கு மொழிவாரியாக வெவ்வேறு வெட்டுப்புள்ளிகள் 1971இல் விதிக்கப்பட்டன. மருத்துவத்துக்குச் சிங்கள மாணவர் 229 புள்ளி பெற்றாற் போதும். தமிழ் மாணவர் 250 பெறல் வேண்டும். பொறியியலுக்கு முறையே 227, 250. இது வெளிப்படையான அநீதி. ஒரு மொழியைப் பேசுவோர் யாவரும் வசதி படைத்தோர், மற்றொரு மொழியைப் பேசுவோர் யாவரும் வசதியற்றோர் என்ற பொய்யான எடுகோளின் மீது அது கட்டப்பட்டது. யாழ்ப்பாணத்தின் பெருங்கல்லூரியிற் பயின்றவனும் வன்னியில் விஞ்ஞான ஆசிரியரையே கண்டறியாதவனும் அதன் கண்ணுக்கு ஒருவரே. இழப்பை அளக்காது இனத்தை அளந்தமையே அதன் குற்றம். அதனை எதிர்த்தெழுந்த இளைஞரின் சினம் நியாயமானது; அச்சினம் இந்நாட்டின் அரசியலை எங்கே இட்டுச் சென்றது என்பது யாவரும் அறிந்ததே.

ஆயினும், திறமைக்கு இடமளி என முழங்கியோருட் பெரும்பாலோர் ஒரு வினாவை எழுப்பத் தவறினர். 1974இல் மாவட்ட அடிப்படை புகுத்தப்பட்டபோது, ஒவ்வொரு மாவட்டத்துக்கும் அதன் மொத்தச் சனத்தொகைக்கேற்ப இடங்கள் ஒதுக்கப்பட்டன. நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்களின் சனத்தொகையிலே தோட்ட மக்களும் எண்ணப்பட்டனர். அவர்களின் தலைகளைக் கொண்டு கூடிய இடங்களோ, அவர்தம் பிள்ளைகளுக்குக் கிட்டவில்லை; ஏனெனில் அப்பிள்ளைகளுட் பெரும்பாலோர் கற்ற பாடசாலைகள் ஐந்தாம் வகுப்போடு முடிந்துவிட்டன. தலையெண்ணுகையில் இருப்பவர், இருக்கை பகிர்கையில் இல்லாதவராயினர். யாழ்ப்பாணத்துக்கு இழைக்கப்பட்ட அநீதிக்கு எதிராக எழுதப்பட்ட பக்கங்களோடு, இவ்வநீதிக்கு எதிராக எழுதப்பட்டவற்றை ஒப்பிட்டாற் பின்னவை மிகச் சிலவே.

தோட்டத்தைப் பற்றிப் பேச்சு வந்துவிட்டமையால், அங்கேயே நின்று நோக்குதல் தகும். இந்நாட்டின் வேறெந்தத் தொழிலிலும் இனமும் பாலும் இத்துணை வெளிப்படையாகப் படிவரிசையாக அடுக்கப்பட்டதில்லை. 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்ட காலந்தொட்டு, அவ்வடுக்கு ஒரே வடிவினதாகவே இருந்துவந்துள்ளது. உச்சியிற் பெரிய துரை. அவருக்குக் கீழே சின்னத்துரை. அதன் கீழ் கண்டக்டர், டீமேக்கர், கிளாக்கர். அதன் கீழ் கணக்கப்பிள்ளை. அதன் கீழ் கங்காணி. எல்லோர்க்கும் கீழே கூடை சுமக்கும் பெண். பெரட்டுக்களத்தில் விடியுமுன் நிற்பவள் அவள். தொழிலின் செல்வம் முழுவதும் அவளுடைய விரல்நுனியிலிருந்தே பிறக்கின்றது. தொழிலின் அதிகாரத்தில் ஒரு துளியேனும் அவளை வந்தடைந்ததில்லை.

இவ்வடுக்கின் உச்சியில் நிகழ்ந்த மாற்றங்களை நோக்குக. 1854இல் கண்டியில் தோன்றிய தோட்டத்துரைமார் சங்கம் நெடுங்காலம் வெள்ளையரின் கோட்டையாக விளங்கிற்று. சுதந்திரத்தை அண்டிய காலத்தில் உயர்குடிச் சிங்களவரும் பறங்கியரும் தமிழருட் சிலரும் அந்நாற்காலிகளில் அமரத் தொடங்கினர். 1972ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தச் சட்டமும் 1975இல் வந்த அதன் திருத்தமும் தோட்டங்களை அரசுடைமையாக்கின. 1992இல் நிருவாகம் பிரதேசப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் மீண்டும் கையளிக்கப்பட்டது. ஒவ்வொரு மாற்றமும் ஒரு விடுதலையாக வருணிக்கப்பட்டது. நாற்காலியில் இருந்தவரின் நிறம் மாறிற்று, மொழி மாறிற்று, அவருக்குச் சம்பளம் வழங்கும் நிறுவனம் மாறிற்று. அவரைத் துரை என்று அழைக்கும் வழக்கங்கூட மாறவில்லை. அவர் ஆண் என்பதும், லயத்திற் பிறந்தவரல்லர் என்பதும் ஏறக்குறைய மாறா விதிகளாகவே நின்றன. சுதேசமயமாக்கலைச் சமத்துவம் எனக் கொண்டோர் ஆள்மாற்றத்தையும் அமைப்பு மாற்றத்தையும் ஒன்றென மயங்கினர்.

கூடையில் நிகழ்ந்தது யாது? 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்ச வேதனச் சட்டத்தின் கீழ் 1929இல் மலைநாட்டுத் தோட்டங்களுக்கு நாட்சம்பளம் விதிக்கப்பட்டது. ஆணுக்கு 54 சதம். பெண்ணுக்கு 43 சதம். பிள்ளைக்கு 32 சதம். சட்டம் தொழிலாளரைக் காக்க வந்த சட்டமே. ஆயினும் அது பெண்ணின் உழைப்பை ஆணின் உழைப்பினும் 11 சதம் தாழ்ந்ததென எழுத்திற் பொறித்து அரச முத்திரையிட்டது. ஆணின் வேலையாகிய கவ்வாத்தும் முள்ளுக்குத்தும் பெரும்பாலும் நடுப்பகல் கழிந்த சிறிது நேரத்தில் முடிந்துவிடும். பெண்ணோ மாலையிற் கொழுந்து மடுவத்தில் நிறுவை முடியும்வரை மலையில் நிற்பாள். நிறுத்த கொழுந்தில் ஈரத்துக்கும் கூடைக்குமெனக் கழித்தது போக, விதித்த அளவு குறைந்தால் அரைப்பேர். கூடிய நேரத்துக்குக் குறைந்த கூலி என்ற இந்த விந்தைக் கணக்கு, 1984இல் தோட்டங்கள் வேலைநிறுத்தத்தால் ஸ்தம்பித்த பின்னரே, சம சம்பளம் என்று திருத்தப்பட்டது. 1929 முதல் 1984 வரை 55 ஆண்டுகள். காலம் கனிந்து இத்திருத்தம் வந்ததன்று. மலையில் வேலை நின்றபோதே வந்தது. அதன் பின்னருங்கூட, அவள் உழைத்த சம்பளத்தைக் கணவனோ தகப்பனோ கையொப்பமிட்டுப் பெற்றுச்செல்லும் வழக்கம் பல தோட்டங்களில் தொடர்ந்தது.

இவ்வமைப்பை நியாயப்படுத்த நெடுங்காலமாகக் கூறப்பட்டுவரும் வாதம் ஒன்றுண்டு. பெண்ணின் விரல் மென்மையானது. இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளுவதற்கு இயற்கை அவளையே படைத்தது. ஆகவே அவள் கொழுந்தெடுக்கிறாள், ஆண் மேற்பார்க்கிறான் என்பது அவ்வாதம். கென்யாவின் கெரிச்சோ மலைகளிலே, பெருந்தோட்டங்களிற் கொழுந்து பறித்தோருட் பெருந்தொகையினர் ஆடவர். அங்கே இயற்கை தன் விதியை மறந்துவிட்டது போலும். கென்யாவில் ஆடவர் தனித்துத் தோட்ட வேலைக்கு வந்தனர். இலங்கைக்குக் குடும்பங்களாகக் கொண்டுவரப்பட்டனர். குடும்பத்தின் உள்ளே கிடைத்த மலிவான கூலியே இங்கு பெண்ணின் விரலை மென்மையாக்கிற்று. மேலும், ஒரு வேலையில் இத்துணை தேர்ச்சி ஒருத்திக்கு உண்டெனில், அவ்வேலையை மேற்பார்க்கும் தகைமை அவளுக்கன்றோ முதலில் இருத்தல் வேண்டும்? நாற்பதாண்டு கொழுந்து பறித்தவளுக்கு, எந்த மலை எப்போது பறிப்புக்கு வரும் என்பதைக் கூடை தூக்காத கணக்கப்பிள்ளை கற்பிக்கின்றான். இங்கு மட்டும் திறமை வாதம் வாய்மூடி நிற்பது ஏன்?

குற்றம் துரைமாரோடு முடிவதன்று. தோட்டத் தொழிற்சங்கங்களின் சந்தாவிற் பெரும்பகுதி பெண்களின் சம்பளத்திலிருந்தே கழிக்கப்பட்டு வந்துள்ளது. அச்சங்கங்களின் தலைமையோ ஆடவர் கையிலேயே இருந்துவந்தது. 1930களிற் கோ. நடேசையரோடு மீனாட்சியம்மாள் தோட்டந்தோறும் சென்று, தாமே இயற்றிய பாடல்களைப் பாடித் தொழிலாளரைத் திரட்டினார். பாட்டால் எழுச்சி மூட்டிய அப்பெண்ணின் வழியிற் பின்னர் எத்தனை பெண்கள் சங்கத் தலைமைக்கு வந்தனர்? மே தின ஊர்வலத்தின் முன்வரிசையிற் சேலையுடுத்திப் பெண்கள் நடப்பர். மேடையில் மாலை ஆடவர்க்கு விழும். மலையக மக்களின் அடிமைத்தளையை உருக்கமாகப் பேசும் இத்தலைவர்கள், தம் வீட்டு லயத்துக்குள்ளே உள்ள துரைத்தனத்தைப் பற்றி வாய் திறப்பதில்லை. வெள்ளையனிடம் காங்கிரஸ்காரர் கேட்டதை, காங்கிரஸ்காரரிடம் பெண்கள் கேட்டனர். யாழ்ப்பாணத்தார் அரசிடம் கேட்டதை, மலையகத்தார் யாழ்ப்பாணத்தாரிடம் கேட்டனர். மலையக ஆடவரிடம் மலையகப் பெண் கேட்பதும் அதுவே. இச்சங்கிலியில் ஒவ்வொரு கண்ணியும் தனக்கு மேலுள்ளதை மாத்திரமே தளையென உணர்கின்றது.

ஒதுக்கீடு திறமையைக் கெடுக்கும் என்போர் இன்றும் உளர். 1971இன் தழும்பு ஆறாதமையால், தமிழரிடையே இவ்வாதத்துக்குச் செல்வாக்கும் அதிகம். ஆனால் உள்ளூராட்சி மன்றங்களை நோக்குக. 1931 முதல் வாக்களித்துவந்த பெண்கள், இந்த நூற்றாண்டின் தொடக்கத்திலும் அம்மன்றங்களில் நூற்றுக்கு இருவர் அளவிலேயே இருந்தனர். நூற்றுக்கு 25 இடங்கள் பெண்களுக்கென 2016இல் சட்டமாக்கப்பட்டு, 2018இல் தேர்தல் நடந்தபோது அத்தொகை நூற்றுக்கு இருபதைத் தாண்டிற்று. எண்பது ஆண்டுகளில் காலத்தால் இயலாதது ஒரே தேர்தலிற் சட்டத்தால் இயன்றது. உள்ளே வந்தோர் எல்லோரும் சிறந்து பணியாற்றினர் என்பதன்று வாதம். அதற்குமுன் அங்கிருந்த ஆடவர் எல்லோரும் சிறந்து பணியாற்றினர் என்று எவரும் சொன்னதில்லை. மொழிவாரித் தரப்படுத்தலுக்கும் இதற்குமுள்ள வேறுபாட்டை அறியாதோர் இரண்டையும் ஒரே தராசில் இடுகின்றனர். முன்னையது, ஏற்கெனவே அரசைக் கையில் வைத்திருந்த பெரும்பான்மையினரின் மொழிக்குச் சலுகை வழங்கிற்று. பின்னையது, எங்கும் இடமில்லாதிருந்தோருக்கு இருக்கை இட்டது.

2024ஆம் ஆண்டு நவம்பர் மாதப் பொதுத்தேர்தலில் நுவரெலியாவிலிருந்து கிருஷ்ணன் கலைச்செல்வியும் பதுளையிலிருந்து அம்பிகா சாமுவேலும் பாராளுமன்றத்துக்குத் தெரிவாயினர். மலையகத் தமிழ்ப் பெண்கள் அவ்வவைக்குத் தெரிவானது அதுவே முதன்முறை. அக்னஸ் டி சில்வா ஆணைக்குழுவின் முன் விடையளித்து ஏறத்தாழத் தொண்ணூற்றாறு ஆண்டுகள் அப்போது கழிந்திருந்தன.

தோட்டங்களிலும் பெண் கங்காணிகள் அண்மைக்காலத்தில் ஆங்காங்கே நியமிக்கப்பட்டுள்ளனர். அவர்தம் தொகை ஏன் பெருகவில்லை எனக் கம்பனி நிருவாகிகளிடம் கேட்டால், பெண்ணுக்குக் கீழ் வேலை செய்ய ஆண்கள் ஒப்பார் என்பர். மாலையில் வீட்டுவேலை காத்திருக்கையிற் பெண்களே இப்பொறுப்பை விரும்பார் என்றும் சேர்த்துக்கொள்வர். சங்கக்காரரிடம் கேட்டால், பதவி உயர்வளிக்க வேண்டியது நிருவாகமே என்பர். சம்பளக் கூட்டொப்பந்தங்கள் பேசி முடிக்கப்பட்ட ஆண்டுகளில் இவ்விரு தரப்பினரும் ஒரே மேசையில் எதிரெதிரே அமர்ந்தனர். நாட்சம்பளம் எவ்வளவு, பறிக்க வேண்டிய கொழுந்து எத்தனை கிலோ என்று அங்கே நெடுநேரம் வாதிடப்பட்டது. அம்மேசையின் இருபுறத்திலும் இருந்தோர் பெரும்பாலும் ஆடவரே. அக்கொழுந்தைப் பறித்தவர்கள் அந்நேரம் மலையில் நின்றனர்.